தூதுவருக்கு மட்டும் தனிச் சட்டமா?

ஒரு முறை ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூருக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தோம். பேருந்து ஜாலான் அம்பாங் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்துப் போட்ட காடி ஒன்று எங்களைக் கடந்து போனது. "ஐயா, அந்தக் காடி நம்பர் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். அது வெளிநாட்டுத் தூதரகத்தின் காடி என்றும், வெளிநாட்டுத் தூதுவரை நம் போலீஸ் கைது செய்ய முடியாது என்றும் சொன்னேன்.

துணைக்கு வந்திருந்த பெற்றோர் ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர், சும்மா இருக்கவில்லை. "என்னா வாத்தியாரே, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க. நான் ஹெல்மெட் போடாம கடைக்குப் போனா சமன் எழுதுறாங்க. அவரு ஆளையே மோதிட்டுப் போனாலும் ஒண்ணும் கிடையாதா?" என்றார். பேருந்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. அன்று சொல்ல முடியாத பதிலை இன்று இங்கே எழுதுகிறேன்.

தூதுவரைத் தொடக்கூடாது என்பது நேற்று வந்த வழக்கமல்ல. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு சொல்கிறது. தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்பட்ட அரசனிடம், உன் ஆயுதங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருக்கின்றன, என் அரசனின் ஆயுதங்களோ போரில் முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குத்திக்காட்டினார் அந்த மூதாட்டி. எதிரியின் அரண்மனையிலேயே நின்று அப்படிப் பேச முடிந்ததென்றால், தூது வந்தவருக்கு இருந்த பாதுகாப்புதான் காரணம்.

அந்த மரபை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1218-ஆம் ஆண்டு, இன்றைய கஜகஸ்தானில் உள்ள ஒத்ரார் நகரில் செங்கிஸ்கானின் வணிகர் கூட்டம் கொல்லப்பட்டது. நியாயம் கேட்டு அவன் அனுப்பிய தூதுவனையும் குவாரிசம் நாட்டு மன்னன் கொன்றான். அடுத்த ஆண்டே மங்கோலியப் படை புறப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் பேரரசே அழிந்து போயிற்று.

மரபாக இருந்தது எழுத்துச் சட்டமானது எப்படி? அதற்குக் காரணம் ஒரு கடன் பாக்கி! 1708-ஆம் ஆண்டு லண்டனில் ரஷ்யத் தூதுவராக இருந்த மத்வேயெவ், பணி முடிந்து ஊர் திரும்ப இருந்தார். அவர் தர வேண்டிய பாக்கி சுமார் 50 பவுன். எங்கே கொடுக்காமல் போய்விடுவாரோ என்று பயந்த கடைக்காரர்கள் ஆட்களை ஏவி, நடுத்தெருவில் அவருடைய குதிரை வண்டியை மறித்து, அவரை இழுத்துப்போய் அடைத்து வைத்தார்கள். பற்று நோட்டு வைத்திருக்கும் எந்தக் கடைக்காரருக்கும் அவர்கள் கோபம் புரியும். ஆனால் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் கொதித்தெழுந்தார். சம்பந்தப்பட்டவர்களுக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டும் என்றார். அப்படித் தண்டிக்க எங்கள் நாட்டில் சட்டமே இல்லையே என்று ஆன் அரசியார் கையைப் பிசைந்தார். கடைசியில் தூதுவர்களையும் அவர்களுடைய பணியாட்களையும் காக்கும் சட்டம் ஒன்றை இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றியது. அரசியாரின் தூதர் 1710-இல் மாஸ்கோவிலேயே மன்னிப்புக் கேட்டார். அந்தச் சட்டம் 1964 வரை இங்கிலாந்தில் நடைமுறையில் இருந்தது.

இன்று உலகம் முழுவதற்கும் பொதுவாக இருப்பது 1961-இல் வியன்னா நகரில் உருவான ஒப்பந்தம். நம் மலேசியாவும் 1966-இல் அதற்கெனச் சட்டம் இயற்றியது. அதன்படி தூதுவரையும், அவருடன் ஒரே வீட்டில் வாழும் குடும்பத்தாரையும் கைது செய்யக்கூடாது. குற்ற வழக்குத் தொடரக்கூடாது. அலுவலகப் பணியாளர்களுக்கும் குற்ற வழக்கில் இந்தப் பாதுகாப்பு உண்டு. காடி ஓட்டுநர், சமையற்காரர் போன்றோருக்கு வேலை சம்பந்தப்பட்ட காரியங்களுக்கு மட்டுமே உண்டு. அந்தந்த நாட்டுக் குடிமக்களே தூதரகத்தில் வேலை செய்தால் கணக்கு வேறு.

அப்படியானால் அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? செய்யக்கூடாது. தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்தை மதிப்பது அவர்கள் கடமை என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. மேலும், இந்த விலக்குரிமை அந்த மனிதருடைய சொத்தல்ல. அவரை அனுப்பிய நாட்டுடையது. ஆபீஸ் சாவி கிராணி கையில் இருந்தாலும் அது தோட்டத்துச் சாவிதானே! அனுப்பிய நாடு நினைத்தால் விலக்குரிமையைத் திரும்பப் பெறலாம், தன் நாட்டிலேயே வழக்கும் நடத்தலாம். தங்கியிருக்கும் நாடோ, காரணம் கூடச் சொல்லாமல் அவரை வெளியேற்றலாம்.

இது எல்லா நேரமும் நியாயமாக முடிகிறதா? இல்லை. 1984 ஏப்ரலில் லண்டனில் இருந்த லிபியத் தூதரகத்திலிருந்து சுட்டதில், வெளியே காவலுக்கு நின்ற இளம் பெண் போலீஸ் ஒருவர் இறந்தார். போலீஸார் 11 நாள் கட்டடத்தைச் சுற்றி வளைத்து நின்றார்கள், உள்ளே நுழையவில்லை. உள்ளே இருந்தவர்கள் நாடு திரும்பினார்கள். அதே நேரத்தில் லிபியாவில் பிரிட்டிஷ் தூதரகத்தாரும் இருந்தார்கள். இங்கே கை வைத்தால் அங்கே என்ன நடக்குமோ என்ற அச்சம்! அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

நம் பக்கத்திலும் நடந்தது. 2009 டிசம்பர் 15, விடியற்காலை. சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் ரொமேனியத் தூதரகக் காடி ஒன்று, சாலையைக் கடந்தவர்களை மோதிவிட்டு நிற்காமல் போனது. மூவர் அடிபட்டார்கள். அவர்களில் 30 வயதான மலேசியர் ஒருவர் பத்து நாள் கழித்து இறந்தார். காடியை ஓட்டிய தூதரகப் பொறுப்பாளர் சில நாட்களிலேயே ஊர் போய்ச் சேர்ந்தார். நம் தோட்டத்து நண்பர் கேட்ட அதே கேள்வி! ஆனால் கதை அதோடு முடியவில்லை. ரொமேனியா தன் நீதிமன்றத்திலேயே அவரை நிறுத்தியது. முதலில் மூன்று ஆண்டுச் சிறை. 2014-இல் மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டானது. அதே ஆண்டு அவர் சிறைவாசத்திலேயே இறந்தார்.

அதே 2014-இல் தராசு நம் கைக்கே வந்தது. நியூசிலாந்தில் நம் மலேசியத் தூதரகத்தில் வேலை செய்த ஒருவர், அந்நாட்டுப் பெண் ஒருவரிடம் முறைகேடாக நடந்தார் என்று மே மாதம் கைதானார். விலக்குரிமையின் பேரில் நாடு திரும்பினார். நியூசிலாந்து மக்கள் கொதித்தார்கள். 2009-இல் நாம் எங்கே நின்றோமோ, அங்கே இப்போது அவர்கள் நின்றார்கள். மலேசியா அவரை அக்டோபரில் திருப்பி அனுப்பியது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016-இல் ஒன்பது மாத வீட்டுக்காவல் தண்டனை பெற்றார்.

அண்ணே, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். இந்தப் பாதுகாப்பு பெரிய மனுஷருக்குக் கொடுத்த சலுகை இல்லை. அவர் சுமந்து வரும் சேதிக்குக் கொடுத்தது. சண்டை போடுகிற இரண்டு நாடுகள்கூட ஒன்றோடொன்று பேசியாக வேண்டும். பேச வருபவருக்குப் பயம் இருந்தால் பேச்சு நடக்காது; ஆயுதம்தான் பேசும். அதற்காக நாம் கொடுக்கும் விலை சில நேரம் மிகப் பெரியது. அதைக் கொடுப்பது பெரும்பாலும் சாலையில் நடந்துபோன சாதாரண மனிதனும் அவன் குடும்பமும்தான்.

அந்த விலையைக் குறைப்பது அனுப்பிய நாட்டின் கையில் இருக்கிறது. மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் ஒருவர் மலேசியாவின் தூதராக அந்தச் சிவப்புப் பலகைக் காடியில் போகலாம். சட்டம் பிடிக்க முடியாத இடத்திலும் சட்டத்தை மதித்து நடங்கள். நாட்டுக்கும் பெருமை, இந்தப் பள்ளிக்கும் பெருமை.