நன்கொடை என்று எழுதினார்கள்

காரைக்கால் கடற்கரையில் வடக்கே மண்டபத்தூரிலிருந்து தெற்கே பட்டினச்சேரி வரை மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கோட்டுச்சேரிமேடு, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு எல்லாம் இடையில் வரும். இப்படி ஒரு ஊரில்தான் நான் பிறந்தேன். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. நான் சொல்லும் வழக்கம் ஒரு ஊரோடு நிற்பதில்லை, சோழமண்டலக் கரை நெடுகப் பட்டினவர் ஊர்களில் இருப்பது.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒரு நோட்டு உண்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணின் பெயரும் அதில் இருக்கும். அவர்தான் வரிக்காரர். மாரியம்மன் திருவிழா, கோயில் வேலை, ஊர் வழக்கு எதுவானாலும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் வரி போடுவார்கள். வரி கொடுப்பவர் ஊர்க்கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். ஊருக்குப் பொதுவாக வரும் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு. விசைப்படகு வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் பங்கு ஒன்றுதான். ஒருவர் கடலில் போய்விட்டால் அவர் குடும்பத்துக்கு ஊர் நிற்கும். இந்த ஏற்பாட்டின் நியாயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அரசாங்கம் எட்டிப்பார்க்காத காலத்தில் இந்த ஊர்களைக் காப்பாற்றியது அதுதான்.

ஆனால் அந்த நோட்டில் ஒரு பெண்ணின் பெயரையும் நான் பார்த்ததில்லை.

பெண்கள் வேலை செய்யாமல் இல்லை. என் ஆயா விடியுமுன் கரையில் ஏலத்துக்கு நிற்பாள். கடனுக்கு மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தலைச்சுமையாக நிரவி வரை நடப்பாள். அறுவடைக் காலத்தில் காசுக்குப் பதில் நெல் வாங்கி வருவாள். 1898இல் போட்ட பேரளம் ரயில் ஓடிய நாளில் திருநள்ளாறு, அம்பகரத்தூர் பக்கமும் போய் வந்திருக்கிறாள். 1980களில் அந்த ரயிலை நிறுத்தியபோது, "எங் காலை வெட்டிட்டானுங்க" என்றாள். தாத்தா பிடித்ததைக் காசாக்கியவள் அவள். அவர் கட்டிய வரியும் அந்தக் காசுதான். நோட்டில் இருந்தது தாத்தாவின் பெயர்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய குடியரசின் ஆட்சி இங்கேயும் நடந்தது. அந்த ஆட்சி எங்கள் பெண்களுக்கு என்ன செய்தது என்று தேடிப் பார்த்தேன். 1819 ஜனவரி 6ஆம் நாள் ஒழுங்குமுறை பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே கொண்டுவந்தது. ஆனால் இந்தியர்களின் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்ற உறுதியையும் அது கொடுத்தது. பெருந்தன்மை போலத் தோன்றும். வழக்கம் என்ன என்று சொன்னவர்கள் ஆண்கள். நாட்டார் சொன்னதே வழக்கம் ஆனது. 1881இல் வந்த ஆணைப்படி, சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகவும் வழி இருந்தது. மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு இருந்ததே தெரியாது. தெரிந்து போனாலும், கணவனுக்குக் கீழ்ப்படிந்து நட என்றுதான் அந்தச் சட்டமும் அப்போது சொன்னது.

வாக்குரிமையிலும் இதே கதைதான். பிரெஞ்சிந்தியா 1871இலிருந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியது. ஓட்டுப் போட்டவர்கள் ஆண்கள். பிரான்சில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் ஆணை 1944 ஏப்ரல் 21இல்தான் வந்தது. இங்கே 1946இல் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் வயதுவந்த எல்லாருக்குமான வாக்குரிமையோடு நடந்தது. முக்கால் நூற்றாண்டு தாமதம். ஆனாலும் இந்திய யூனியனில் எல்லாரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1951-52க்குச் சில வருஷம் முந்தி. ஆயாவிடம் கேட்டேன், ஓட்டுப் போட்டாயா என்று. "கூட்டிட்டுப் போனாங்க, போயிட்டு வந்தேன்" என்றாள். பாரீஸ் வரை எண்ணப்படும் ஓட்டு அவளுக்கு இருந்தது. அவள் வீட்டுக்கு நூறடி தள்ளி, கோயில் வாசலில் கூடும் கூட்டத்தில் உட்கார இடமில்லை.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர்வதை ஆதரித்தார்கள். நவம்பர் 1இல் கொடி மாறியது. நோட்டு மாறவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் வந்தது. இறந்தவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். அரிசி, பாத்திரம், பாய், பணம் என்று உதவி வந்து குவிந்தது. யாருக்குக் கொடுப்பது என்று கேட்டவர்களிடம் பஞ்சாயத்தார் நோட்டை நீட்டினார்கள். அதைவிட ஒழுங்கான பட்டியல் எந்த அலுவலகத்திலும் கிடையாது. கொடுக்க வந்தவர்களுக்கும் அது வசதி.

என் சின்னம்மா அந்த நோட்டில் இல்லை. சித்தப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. மகன் கிடையாது, இரண்டு பெண்பிள்ளைகள். அலை அவளுடைய அன்னக்கூடைகளையும் காயப்போட்டிருந்த கருவாட்டையும் கடனுக்கு வாங்கிய முதலையும் கொண்டுபோனது. படகு போனவர்களுக்குப் படகு வந்தது. அன்னக்கூடை போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை. சின்னம்மாவுக்காகக் கூட்டத்தில் பேச ஒரு ஆண் வேண்டும். என் அப்பா போனார். அரைப் பங்கு கொடுத்தார்கள். இந்தக் கரையில் பல ஊர்களில் விதவைகளும் தனித்து வாழ்ந்த பெண்களும் இப்படித்தான் விடுபட்டார்கள், அல்லது பாதியாக எண்ணப்பட்டார்கள். கடலோரத்துத் தலித் குடும்பங்களையும் எங்கள் நோட்டுகள் வெளியே நிறுத்தின. அதைச் சொல்லாமல் எங்கள் குறையை மட்டும் எழுதினால் அது நேர்மையில்லை.

அரைப் பங்கை வாங்கிக்கொண்டு சின்னம்மா சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷம் அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கு 300 ரூபாய் வரி போட்டார்கள். மீன் விற்ற காசில் 300 எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"வரி எழுதிக்குங்க மாமா."

கணக்கர் அவளை அதட்டவில்லை. "எதுக்கும்மா ஒனக்கு? ஒன் வூட்டுக்கு வரி இல்லல்ல, தள்ளிவுட்டாச்சே" என்றார் பரிவாகவே.

"தள்ளிவுட வேணாம். எழுதுங்க."

அவர் பணத்தை வாங்கினார். வரி நோட்டை மூடிவிட்டு இன்னொரு நோட்டைத் திறந்தார். அவள் பெயரை எழுதி, எதிரே நன்கொடை என்று போட்டார். ரூபாய் அதே 300. வரி என்று எழுதியிருந்தால் அவளுக்குப் பங்கும் பேச்சும் வந்திருக்கும். நன்கொடைக்கு ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள்.

எங்கள் நகரம் ஒரு பெண்ணைக் கொண்டாடும் நகரம். ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள், பிடிக்கக் கூட்டம் நெருக்கும். அந்தக் கதையின் தொடக்கமே ஒரு கணக்குதான். கணவன் இரண்டு பழம் கொடுத்தனுப்பினான், ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டாள் புனிதவதி, இரண்டாவது எங்கே என்று வந்து நிற்கிறது கேள்வி. பழம் அவள் கையில் இருந்தாலும் கணக்கு அவனுடையது. காரைக்கால் அம்மையாரை நாங்கள் கும்பிடுகிறோம். அந்தக் கேள்வியை இன்னும் யோசிக்கவில்லை.

2006இல் புதுச்சேரி மாநிலத்தில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் பக்கத்திலும் பெண்கள் நின்று ஜெயித்தார்கள். 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் அறிவிப்பதும் நிறுத்துவதுமாகவே இருக்கிறது. அரசாங்கப் பஞ்சாயத்து காலியாகக் கிடக்க, ஊர்ப் பஞ்சாயத்து ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. அதனால்தான் சட்டம் கொடுத்த இடம் போதும் என்று என்னால் இருக்க முடியவில்லை. ஊரின் சோறும் தீர்ப்பும் அந்த நோட்டிலிருந்து வருகிற வரைக்கும், எங்கள் பெயர் அதில் ஏறியாக வேண்டும்.

சின்னம்மா இன்னும் மீன் விற்கிறாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் போடும் வரி எவ்வளவோ அவ்வளவையும் எண்ணிக் கொண்டுபோகிறாள். கொடுத்துவிட்டு வரி எழுதச் சொல்கிறாள். அவர்கள் நன்கொடை என்று எழுதுகிறார்கள். "கெடக்கட்டும், எழுதிக் கை வலிக்கட்டும்" என்கிறாள். போன வருஷம் அவளோடு இன்னும் நான்கு பெண்கள் போனார்கள்.