கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு குழந்தை மருந்தும்

திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எங்கே என்று கேட்டால் பழைய ஆட்கள் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். கோஷா ஆஸ்பத்திரி என்றால் உடனே வழி சொல்வார்கள். இதைப் படிப்பவர்களில் சிலர் பிறந்ததே அங்கேயாக இருக்கலாம். 1931-ன் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அங்கே பணியாற்றினார். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் கொஞ்சமாவது அசைத்துப் பார்த்த மருந்தின் கதையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தது வேறு காரணத்துக்காக. அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்தது. அதைப் பற்றி ஆராயத்தான் வந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சில காலம் இருந்தார். கடைசியில் அந்தச் சோகையைத் தீர்த்தது மார்மைட். வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவித் தின்னும் ஈஸ்ட் சாறு, வேறொன்றுமில்லை. அதில் இருக்கும் எந்தச் சத்து ரத்தத்தை ஊறவைக்கிறது என்று அப்போது தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் விஞ்ஞானிகள் நாலு டன் பசலைக்கீரையிலிருந்து அந்த வகைச் சத்தைத் துளியளவு பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதேதான்.

இனி எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். அது அன்று சென்னை மாகாணம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்தியது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கும் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. உடன் பிறந்த இருவரை ஸ்ப்ரூ என்கிற விடாத வயிற்றுப்போக்கு நோய்க்குப் பறிகொடுத்தவர். அவரையும் அந்த நோய் விட்டு வைக்கவில்லை. ஃபோலிக் அமிலத்துக்குக் கட்டுப்படும் நோய் அது. பின்னாளில் அந்தச் சத்தை அவர் விடாமல் துரத்தியதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

பாஸ்டன் போய் ஹார்வர்டில் சேர்ந்தார். படிக்கும்போது வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் பெட்பான் கழுவினார். 1925-ல் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் காண ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் கண்ட முறை உலகெங்கும் பரவியது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆயுளைக் கழித்தவன் நான். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று சொல்லிச் சொல்லி அந்த நீல நிறத்தைப் பார்த்திருக்கிறோம், சுப்பாராவ் நம்ம ஊரில் படித்தவர் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஹார்வர்டில் நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. யானைக்கால் நோய்க்கு நம் தெருக்களில் வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் இவர் தலைமையில் வந்ததுதான்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் நோயாளியைப் பார்த்து வைத்தியம் செய்பவர் அல்ல, இறந்தவர்களின் உடலைச் சோதிக்கும் நோயியல் நிபுணர். லுகேமியா வந்த குழந்தைகள் அந்நாளில் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். ரத்தசோகையைத் தீர்க்கும் சத்து இதற்கும் உதவாதா என்று ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, வேகம் பிடித்தது.

இன்னொருவராக இருந்தால் அத்தோடு கையைக் கழுவியிருப்பார். ஃபார்பர் யோசித்தார்: தீனி போட்டால் வளர்கிறது என்றால், தீனியை நிறுத்தினால்? ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து, அணுவை ஏமாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் போலிச் சரக்குகளைச் சுப்பாராவின் ஆட்கள் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். 1947-ன் இறுதியில் அவற்றில் ஒன்றான அமினோப்டெரின் பாஸ்டனுக்கு வந்தது. மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. சாகப்போகும் பிள்ளையை நிம்மதியாக விடாமல் விஷத்தைக் கொடுத்து வதைப்பதா என்றார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். வாயெல்லாம் புண்ணாகும் மருந்து அது. ஆனாலும் அந்தப் பெற்றோரின் இடத்தில் நான் இருந்தால் ஃபார்பரிடம்தான் ஓடியிருப்பேன்.

16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. 1948 ஜூன் 3-ம் தேதி வெளியான கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிக' என்ற சொல்லைப் போட்டுத்தான் ஃபார்பர் எழுதினார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் மதிப்பு. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு நம்மில் சிலர் வாரம் ஒருநாள் சாப்பிடும் அதே மாத்திரை. (வாரம் ஒருநாள்தான், தப்பித்தவறித் தினமும் போட்டுவிடாதீர்கள்.) அதற்குத் துணையாக 1953-ல் மெர்காப்டோப்யூரின், 1963-ல் வின்கிறிஸ்டின் வந்தன. வின்கிறிஸ்டின் எடுப்பது நித்தியகல்யாணியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்குகிற செடி! மெம்ஃபிஸ் நகரில் டொனால்டு பிங்கெல் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, மூளையில் ஒளிந்திருக்கும் நோய்க்கும் சிகிச்சை செய்தார். அறுபதுகளின் கடைசியில் அவரிடம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள்.

நம் நாட்டுக்கு அது சீக்கிரம் வந்து சேரவில்லை. 1970-களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில்கூட இந்த நோயிலிருந்து தேறியவர்கள் சொற்பம். பிறகு பம்பாய் டாடா, டெல்லி எய்ம்ஸ், நம்ம அடையாறு மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துடன் பேசி, எம்.சி.பி. 841 என்று ஒரே சிகிச்சைமுறையைக் கடைப்பிடித்தன. நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 20 பேருக்கும் குறைவு என்றிருந்தது, 45 முதல் 60 வரை உயர்ந்தது. அந்த முறையில் குழந்தையின் முதுகுத்தண்டில் ஊசியாக ஏற்றும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட்.