மாக்கோழியும் மன்னன் வாளும்

மாவினால் செய்த கோழியைப் பலியிட்டமையால் யசோதரனுக்கு விளைந்த பிறவித் துன்பங்களை அறியாத சமண இல்லங்கள் அரிது. அக்கதையை வடமொழியில் ‘யசஸ்திலகம்’ எனக் கி.பி. 959-இல் இயற்றி முடித்த திகம்பர முனிவர் சோமதேவ சூரியே ‘நீதிவாக்கியாமிர்தம்’ என்னும் அரசியல் நூலையும் தந்தார். அதன் முதற் சூத்திரம் அரசுக்கு வணக்கம் கூறுகிறது! மாக்கோழியை வெட்டுதலும் தீவினை என்றவர், மன்னன் கையில் தண்டத்தை எவ்வாறு அளித்தார்?

கௌடிலியரிடம் அவர் கொண்டது மிகுதி. ஆயினும் அர்த்தசாத்திரத்தில் படை, அயல்நாட்டைக் கவர்வதற்கும் உரியது. சோமதேவரோ, களத்தில் எதிர்நிற்கும் பகைவர், நாட்டிற்கு முள்ளானோர் ஆகியோர்மீதன்றி ஆயுதம் செல்லலாகாது என யசஸ்திலகத்தில் வரம்பிட்டார். எளியோர் அதற்கு இலக்காகார். மாவுக்கு உயிரில்லை, வெட்டியவனிடம் கொல்லும் சங்கற்பம் இருந்தது. இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது அச்சங்கற்ப இம்சையே. தற்காப்பில் நேரும் விரோதி இம்சையை முற்றும் துறத்தல் முனிவர் நெறி.

எனினும், படையெடுத்த வேந்தர் பலரும் தம் பகைவரை முள்ளென்றே கூறியிருப்பர். முள் எது எனத் துணியும் உரிமையையும் மன்னனிடமே விட்டது சோமதேவரின் வரம்பிலுள்ள குறையே.