சபையின் பெயரில் ஒரு கார்

கோயிலும் அரசியலும் தனித்தனியாக இருக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். மான்ட்கோமரி பற்றிப் படித்தபோது அதில் கொஞ்சம் தடுமாற்றம் வந்தது.

கிங்கின் பேச்சை எல்லோருக்கும் தெரியும். மென்பொருள்காரனின் புத்தி வேறு பக்கம் போகிறது. ஒருநாள் பேருந்தைப் புறக்கணிக்கலாம், சரி. 381 நாள் எப்படி முடிந்தது? அத்தனை பேரும் எதில் ஏறி வேலைக்குப் போனார்கள்? காசு யார் கொடுத்தது?

1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்கிற கல்லூரி ஆசிரியை பல்லாயிரம் துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்தார். பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்; 5ஆம் தேதி பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின.

அன்று பிற்பகல் கூடிய போதகர்களில் சிலர், வெள்ளையருக்குத் தெரியாமல் ரகசியமாக நடத்தலாமே என்று இழுத்தார்கள். தொழிற்சங்கக்காரரான இ. டி. நிக்சன் அவர்களுடைய பயத்தைச் சொல்லிக்காட்டி ஏசித் தீர்த்தார். சாயங்காலம் ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உள்ளே இடமில்லை, வெளியே நின்றவர்களுக்கு ஒலிபெருக்கி. அதற்குப் பிறகு போதகர்கள் பின்வாங்க முடியுமா என்ன? மேய்ப்பர்களை மந்தைதான் இழுத்துப்போனது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மந்தை ஏன் ஆலயத்துக்கு வந்தது? அந்த ஊரில் கறுப்பினத்தவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூடக்கூடிய பெரிய கட்டடம் அதுதான். வீட்டுவேலை செய்யும் பெண்ணை வெள்ளைக்கார முதலாளி மறுநாளே நிறுத்திவிடலாம். 26 வயது கிங்கின் சம்பளமோ சபையாரின் காணிக்கையிலிருந்து வந்தது. அதில் அவர் கைவைக்க முடியாது. வாராவாரம் கூடுவதும் தட்டில் காசு போடுவதும் ஏற்கெனவே பழகிய விஷயம். புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பழக்கத்தின் மேல்தான் கார் ஏற்பாடு ஓடியது. சுமார் 300 சொந்தக் கார்கள், அவற்றோடு சபைகளின் பெயரில் பதிவான ஸ்டேஷன் வேகன்கள். உள்ளூர்க் காப்பீடு ரத்தானபோது லண்டன் லாயிட்ஸ் வரை போய் வாங்கினார்கள். 1956 நவம்பர் 13 அன்று கார் ஏற்பாட்டுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே நாளில் பேருந்துப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது.

1957 ஜனவரி 10 அன்று நான்கு ஆலயங்களில் குண்டு வெடித்தது. வைத்தவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் என்ன வேலை செய்தன என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.