கூப்பர்ஸ்டவுன் மறந்த பிள்ளை



யாருக்குக் கல்லறை எழுப்புகிறார்கள், யாரைப் பெயரில்லாமல் புதைக்கிறார்கள் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அதே கேள்வியோடு ஓர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் வாழ்வைப் பார்ப்போம்.

1858இல் நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் ப்ளெய்னில் பிறந்தவர் ஜான் ஜாக்சன். முடிதிருத்தும் தொழிலாளியின் மகன். வளர்ந்தது கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில். ஆட்டக் களத்தில் 'பட் ஃபௌலர்' என்று பெயர் வைத்துக்கொண்டார். 1878இல் மாசசூசெட்ஸின் லின் நகர அணிக்காகப் பந்து வீசினார். தொழில்முறை பேஸ்பாலில் ஆடியதாக அறியப்படும் முதல் கறுப்பர் அவரே.

பிறகு ஸ்டில்வாட்டர், கியோகக், டொபீகா என ஊர் ஊராக அலைச்சல். இரண்டாம் தளத்தில் நின்ற அவருடைய காலைக் குறிவைத்து, ஆணி பதித்த காலணியோடு வெள்ளை ஆட்டக்காரர்கள் சறுக்கி வந்தார்கள். அவர் முழங்காலுக்குக் கீழே மரத் தடுப்பு கட்டிக்கொண்டு ஆடியதாக அக்கால ஆட்டக்காரர் ஒருவரே சொல்லியிருக்கிறார்.

1887இல் பிங்ஹாம்டன் அணியில் அவருடைய மட்டையாட்டச் சராசரி .350. பத்து முறை மட்டை பிடித்தால் மூன்று முறைக்கு மேல் வெற்றி. ஆனாலும் சக ஆட்டக்காரர்கள் அவரோடு ஆட மறுத்தார்கள். நிர்வாகம் அவரை வெளியேற்றியது. அதே ஆண்டு ஜூலை 14 அன்று, கறுப்பரோடு இனிப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று சர்வதேச லீக் வாக்கெடுத்து முடிவு செய்தது. நாளடைவில் மற்ற லீக்குகளும் கதவை மூடின. அதற்கென நாடு தழுவிய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. எழுதாத சட்டத்தின் பலம் நமக்குத் தெரியாததா?

ஃபௌலர் ஓயவில்லை. மிச்சிகனின் ஏட்ரியனில், ஒரு கம்பிவேலி நிறுவனத்தின் ஆதரவோடு 'பேஜ் ஃபென்ஸ் ஜெயன்ட்ஸ்' என்ற கறுப்பர் அணியை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1895இல் களமிறங்கிய அந்த அணி, தங்குவதற்கும் உண்பதற்கும் தனக்கென ஒரு ரயில்பெட்டியோடு பயணம் செய்தது.

1913இல் வறுமையில் இறந்தார். அவர் புதைகுழிக்குக் கல் வைக்கப்பட்டது 1987இல். அவர் வளர்ந்த கூப்பர்ஸ்டவுனில்தான் 1939 முதல் பேஸ்பால் புகழ்மன்றம் இருக்கிறது. அங்கே அவர் பெயர் ஏறியது 2022இல்.

1947இல் ஜாக்கி ராபின்சன் தடையை உடைத்தார் என்று படிக்கிறோம். அது பெரும் சாதனை. ஆனால் 1884இலேயே மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் மேஜர் லீகில் ஆடியிருந்தார். 'முதல்வர்' என்று ஒருவரை மட்டும் கொண்டாடும்போது, திறந்திருந்த கதவை மூடியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். காலம் போனால் உரிமை தானாக வரும் என்பவர்களுக்கு ஃபௌலரின் வாழ்வே பதில். வந்த உரிமையும் பறிபோகும். காவல் காக்க வேண்டியவர்கள் நாம்தான்.