மகரம் முதலையான கதை

அவிநாசியில் ஒரு கல் முதலை வாயைப் பிளந்து கிடக்கிறது. அந்த வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வருகிறான். கோயிலுக்கு வருகிறவர்கள் சுந்தரர் கதையைச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். எனக்கோ, இந்த விலங்கு எத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

பிறந்த ஊர் பீகார் என்று வைத்துக்கொள்ளலாம். பராபர் மலையில், கி.மு. 3ஆம் நூற்றாண்டு லோமச ரிஷி குகையின் வாசல் வளைவில் யானைகள் வரிசையாகப் போகின்றன. வரிசையின் இரு கோடியிலும் ஒரு மகரம், முதலையின் சாயல் கொண்ட கற்பனை நீர்விலங்கு. அப்போது அதன் மேல் யாரும் ஏறியிருக்கவில்லை. கி.பி. 401-ஐ ஒட்டி, மத்தியப் பிரதேசத்து உதயகிரியில் கங்கை ஏறி நின்றாள். யமுனைக்கு ஆமை கிடைத்தது. பிறகு வடநாட்டுக் கோயில்களின் நிலைக்கால்களில் இருவரும் நிரந்தரமாகக் குடியேறினார்கள். உள்ளே போகிறவன் ஆற்றில் முழுகிவிட்டுப் போக வேண்டுமல்லவா? ஆறே வாசலுக்கு வந்துவிட்டது.

தெற்கே கங்கைக்குச் சிவன் சடையே போதுமாயிற்று. வாகனம்தான் வேறு வேலை தேடிக்கொண்டது. துதிக்கையும் இலைச்சுருள் வாலுமாகச் சோழர் கோயில் மாடங்களின் மேல் தோரணமாக வளைந்தது. நடராசர் திருவாசியைப் பாருங்கள், சுடர் வளையம் இரண்டு மகர வாய்களிலிருந்து கிளம்பும். விஜயநகர காலக் கோபுர வாசல்களில் கொடியைப் பிடித்தபடி மகரத்தின் மேல் ஒரு பெண் நிற்பாள். யாரோ நாட்டியக்காரி என்று கடந்துபோகிறோம். பெயர் தொலைந்த கங்கை அவள் என்பது என் எண்ணம்.

மாறாதது ஒன்றுதான், வாய். அதிலிருந்து எப்போதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும்: கொடி, மாலை, வீரன், ஜாவாவின் போரோபுதூரில் மழைநீர்.

அவிநாசியில் பிள்ளை வந்தான். ஊருக்குத் திருப்புக்கொளியூர் என்று பெயர் இருந்த காலம். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. கூட விளையாடிய இருவரில் ஒருவனைக் குளத்து முதலை விழுங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. சுந்தரர் பதிகம் பாட, முதலை அவனைக் கரையில் உமிழ்ந்தது. அதுவும் விழுங்கிய வயதில் அல்ல, இடையில் போன வருஷங்களின் வளர்த்தியோடு! இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தக் கதைக்குத் துதிக்கை எதற்கு, இலைச்சுருள் எதற்கு? மகரம் மறுபடி முதலையாகிவிட்டது. கங்கையும் பின்னாலேயே வந்து, அதே கோயிலின் காசிக் கிணற்றில் இருக்கிறாள்.

சுந்தரர் பாடிய அன்று அந்தக் குளம் வறண்டு கிடந்தது என்றும், முதலில் தண்ணீர் வந்து பிறகே முதலை வந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். 2024 ஆகஸ்டில், பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு. அந்த வாரம் கரையேறி எட்டிப் பார்த்தவர்களில் ஓரிருவராவது முதலையை நினைத்திருப்பார்கள்.