ஜோடி கிடைக்காத இருவர்



1956 என்றால் என்னிடம் வரலாறு படித்தவர்களுக்கு மொழிவழி மாநிலங்களும் சூயஸ் கால்வாயும் நினைவுக்கு வரும். வர வேண்டும்! அதே ஆண்டு ஜூலையில் விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் கோப்பையை வென்ற இருவரைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. இன்று சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவர் ஆல்தியா கிப்சன். இவர் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். தென் கரோலினாவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினப் பெண். 1950இல்தான் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் காரசாரமாக எழுதிய பிறகு. விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் இவர்தான்.

மற்றவர் ஆஞ்செலா பக்ஸ்டன். 1934இல் லிவர்பூலில் பிறந்த யூதப் பெண். தாத்தா பாட்டி ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள். அப்பா சினிமா தியேட்டர்கள் நடத்திய வசதியான மனிதர். கிப்சனைப் போல வறுமையில் வளரவில்லை. ஆனாலும் லண்டனில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்பர்லேண்ட் கிளப்பில் சேர விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார், பதிலே இல்லை. கடைசியில் அங்கிருந்த பயிற்சியாளர்தான் சொன்னார், நீ யூதப் பெண், உன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று. பயிற்சிக்காக அம்மாவோடு கலிஃபோர்னியா போனார். லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்பிலும் இதே கதை. அருகிலிருந்த பொது மைதானத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார். பின்னாளில் அந்த கம்பர்லேண்ட் கிளப்பில் நடந்த போட்டியிலேயே ஆடிப் பட்டம் வென்றார். அதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி!

இவர்கள் இருவரும் பழகியது எங்கே தெரியுமா? நம் நாட்டில்தான். 1955 கடைசியில் அமெரிக்க அரசு சில டென்னிஸ் வீரர்களை ஆசிய நாடுகளுக்கு நல்லெண்ணப் பயணமாக அனுப்பியது. அப்போது கிப்சன் டென்னிஸையே விட்டுவிட்டு ராணுவத்தில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பயண அழைப்பு வந்ததால் அந்த எண்ணம் நின்றது. பக்ஸ்டனும் அந்தச் சமயம் இந்தியாவுக்கு ஆட வந்திருந்தார்.

அடுத்த கோடையில் பாரிசில் பிரெஞ்சுப் போட்டி. மற்ற பெண்களெல்லாம் ஏற்கனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். இந்த இருவருக்கு மட்டும் ஜோடி இல்லை. சரி, நாமே சேர்ந்து ஆடுவோம் என்றார்கள். பட்டத்தையும் வென்றார்கள். இறுதிப் போட்டியில் முதல் செட்டை 6-8 என்று இழந்து, 8-6, 6-1 என்று திரும்பி வந்தார்கள். அதே போட்டியின் ஒற்றையர் அரையிறுதியில் கிப்சன் தோற்கடித்தது யாரை? பக்ஸ்டனைத்தான். தனி ஆட்டத்தில் எதிரெதிரே, இரட்டையரில் பக்கத்தில் பக்கத்தில். இதைச் சிறிதும் மனக்கசப்பில்லாமல் செய்வது எளிதல்ல. வீட்டில் கேரம் ஆடிப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

பிறகு விம்பிள்டன். லண்டன் வந்த கிப்சனைப் பக்ஸ்டன் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். கிப்சன் கிட்டத்தட்ட ஆறடி உயரம், இடி மாதிரி சர்வீஸ், வலைக்கருகே நின்று பந்தை முடித்துவிடுவார். பக்ஸ்டன் நிதானமும் கணக்கும் கொண்டவர். இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ஃபே முல்லர், டாஃப்னி சீனி ஜோடியை 6-1, 8-6 என்று வென்றார்கள். ஒற்றையரிலும் பக்ஸ்டன் இறுதி வரை வந்து ஷெர்லி ஃப்ரையிடம் தோற்றார். 1939க்குப் பிறகு அந்த இறுதிக்கு வந்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். உள்ளூர்ப் பெண் கோப்பை வென்றால் பத்திரிகைகள் கொண்டாடியிருக்க வேண்டாமா? ஒரு பத்திரிகை ‘சிறுபான்மையினர் வெற்றி’ என்று சின்ன எழுத்தில் தலைப்புப் போட்டதாகப் பக்ஸ்டனே பல முறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய மணிக்கட்டில் கடுமையான வீக்கம். மறு ஆண்டே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. வயது 22. கிப்சன் 1957இலும் 1958இலும் ஒற்றையர் பட்டம் வென்றார். நியூயார்க் வீதிகளில் காகிதப் பூ மழை பொழிந்து வரவேற்றார்கள். ஆனால் அது அமெச்சூர் காலம். கோப்பை உண்டு, பரிசுப் பணம் கிடையாது. இன்று முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பதுகூட அன்று சாம்பியனுக்குக் கிடைக்கவில்லை.

1995இல் பக்ஸ்டனுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தொலைபேசி. கிப்சன் பேசினார். பக்கவாதம் வந்து உடல் தளர்ந்திருந்தது. வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லை. வாழ்க்கையை முடித்துக்கொள்ளப் போகிறேன், விடைபெறவே அழைத்தேன் என்றார். பக்ஸ்டன் அவரைப் பேச்சில் நிறுத்தி வைத்தார், உடனே தன் பணத்தை அனுப்பினார். ஒருவர் பணம் எத்தனை நாளைக்கு வரும்? ஒரு டென்னிஸ் பத்திரிகையில் கிப்சனின் நிலைமையைச் சொல்லி ஒரு கடிதம் வெளிவரச் செய்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் உறைகள் வந்தன. கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் சேர்ந்தது என்கிறார்கள். கிப்சன் அதன்பின் 8 ஆண்டுகள் வாழ்ந்து 2003இல் மறைந்தார்.

முதலில் ஆலிஸ் மார்பிளின் கட்டுரை, பிறகு பக்ஸ்டன் வரவழைத்த கடிதம். கிப்சன் வாழ்க்கையில் இரண்டு முறையும் வழியைத் திறந்தது பத்திரிகையில் வந்த எழுத்துதான் என்பதை மொழி ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் கவனிக்கலாம்.

2019 ஆகஸ்டில் நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் மைதானத்தில் கிப்சனின் சிலையைத் திறந்தார்கள். 85 வயதில் பக்ஸ்டன் அங்கே போயிருந்தார். அடுத்த ஆகஸ்டில் அவரும் காலமானார்.

விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப்பில் ஒற்றையர் சாம்பியனுக்கு வழக்கமாகக் கௌரவ உறுப்பினர் தகுதி கிடைக்கும். இரட்டையர் சாம்பியனுக்கு அப்படி இல்லை. பக்ஸ்டன் 1950களில் விண்ணப்பித்தார். 2020இல் அவர் இறந்த நாள் வரை உறுப்பினராக்கப்படவில்லை.